கேட்காத தூரம்

ஆர்க்டிக்கில் பனிக்கரடியைப் படம் பிடிக்க இட்டிருந்த முகாமைக் கலைக்க நான்கு நாட்களே மீதமிருந்த ஒரு காலையில், எங்களிடமிருந்த ஐந்து ஸ்னோமொபைல் என்ற பனிமோட்டார் வண்டிகளில் இரண்டில் ஒரே நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 14 டிகிரி. அந்தக் குளிரில் என்ஜின் கொதிக்கிறது என்று வண்டி முறையிட்டால் புதிதாக வந்தவர் யாரும் நம்பமாட்டார். வழிகாட்டி எதுவும் பேசாமல் இறங்கினார். சறுக்குவண்டியில் கட்டியிருந்த மண்வெட்டியை உருவி, பாறையோரம் காற்று கொண்டுவந்து சேர்த்திருந்த பொடிப்பனியை அள்ளி, வண்டியை நகர்த்தும் ரப்பர் ஓடுபட்டைக்கு மேலிருக்கும் தகட்டின் அடியில் கைகொள்ளுமட்டும் திணித்தார். ஆவி எழுந்தது. நான்கு முறை திணித்த பிறகு விளக்கு அணைந்தது.

இந்த வண்டிகளில் காரில் இருப்பதுபோல் முன்பக்க ரேடியேட்டர் கிடையாது. ஓடுபட்டை சுழலும்போது வாரியிறைக்கும் பனி, இருக்கைக்கு அடியில் ஓடும் அலுமினியக் குழாய்களில் பட்டு உருகுகிறது. அந்த உருகல்தான் என்ஜினைக் குளிர்விக்கிறது. தளர்ந்த பனி இல்லாமல், கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும் கட்டியின் மேல் ஓட்டினால் வாரியிறைக்க ஒன்றும் இருக்காது. அதற்காகவே பட்டையின் பக்கவாட்டில் இரண்டு கம்பிகள் வைத்திருக்கிறார்கள். இறக்கிவிட்டால் அவை கட்டியைக் கீறித் துகள் கிளப்பும். எங்கள் வண்டிகள் இரண்டில் அந்தக் கம்பிகள் ஒடிந்திருந்தன. வாடகைக்குக் கொடுத்தவர்கள் அதைச் சொல்லவில்லை. புறப்படும் முன் குனிந்து பார்க்க எங்களுக்கும் தோன்றவில்லை.

நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் கிழக்குக் கரையில், ஹென்ரிக் மோன் என்ற நார்வே வானிலையியலாளரின் பெயரைத் தாங்கிய மோன்புக்தா விரிகுடாவுக்குச் சற்று உள்ளே, 2025 ஏப்ரல் கடைசி வாரத்தில் நாங்கள் முகாமிட்டிருந்தோம். இயக்குநர், ஒளிப்பதிவாளர், அவருடைய உதவியாளர், வழிகாட்டி, ஒலிப்பதிவுக்கு நான் என மொத்தம் ஐந்து பேர். தொலைக்காட்சிக்கான இயற்கைப் படம் ஒன்றில், குட்டிகளோடு கடற்பனிக்கு இறங்கும் பனிக்கரடி வரும் பகுதியை எடுப்பதே வேலை. பதினெட்டு நாள் பயணத்தில் பதின்மூன்று நாட்கள் கழிந்திருந்தன. கலைமான், பனிநரி, குளிர்காலம் முழுவதும் தீவை விட்டுப் போகாத ஒரே தரைப்பறவையான டார்மிகன் எல்லாம் பதிவாகிவிட்டன. தாய்க்கரடி மட்டும் இரண்டு முறை, இரண்டு கிலோமீட்டருக்கும் அப்பால், வெள்ளைக்குள் நகரும் வெளிர்மஞ்சள் புள்ளியாகத் தெரிந்து மறைந்திருந்தது.

தலைநகர் போன்ற லாங்யியர்பியன் ஊர் மேற்கில் இருக்கிறது. அங்கிருந்து இந்தக் கிழக்குக் கரைக்கு ஒரு வழியில் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். இவ்வளவு தள்ளி வந்ததற்குக் காரணம் உண்டு. லாங்யியர்பியன் அமைந்திருக்கும் இஸ்ஃபியோர்டன் என்ற கடற்கழி, அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் உட்புகுவதால், 2006-க்குப் பிறகு பெரும்பாலான குளிர்காலங்களில் முன்போல் உறைவதில்லை. கிழக்குக் கரையை ஆர்க்டிக்கின் குளிர்ந்த நீர் தொடுகிறது. அங்கேதான் கடற்பனி இன்னும் நம்பத்தக்கதாக இருக்கிறது. கடற்பனி இருக்கும் இடத்தில் வளையச்சீல் என்ற கடல்பாலூட்டி குட்டி ஈனும். சீல் குட்டி இருக்கும் இடத்துக்குக் கரடி வரும்.

சிவப்பு விளக்கை எரியவைத்த பனிக்கட்டியின் கதையையும் சொல்லவேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஸ்வால்பார்டில் மழை பெய்தது. துருவ இரவு அப்போதுதான் விலகத் தொடங்கும் மாதம். உறைபனி ஆழ்ந்து கிடக்கவேண்டிய நேரம். பல நாட்கள் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே நின்றது, பள்ளங்களில் நீர் தேங்கியது, பிறகு எல்லாம் ஒரே இரவில் இறுகியதுபோல் இறுகிவிட்டது. தரையோடு ஒட்டிய அந்தக் கட்டிப் படலத்தின் மேல்தான் மார்ச் மாதப் பனி மெல்லிதாக விழுந்திருந்தது. காற்று அதையும் பல இடங்களில் துடைத்துவிட்டது.

எங்களுக்கு அது வண்டிக் கோளாறு. கலைமானுக்கு அது பசி. ஸ்வால்பார்டின் கலைமான் உலகில் வேறெங்கும் இல்லாத உட்பிரிவு: குட்டைக்கால், உருண்ட உடம்பு, ஓநாயைக் கண்டிராததால் ஓடத் தெரியாத நிதானம். குளிர்காலம் முழுவதும் குளம்பால் பனியைத் தோண்டி, அடியிலிருக்கும் பாசியையும் காய்ந்த புல்லையும் மேய்ந்து அது உயிர்தாங்குகிறது. பொடிப்பனியைத் தோண்டும் குளம்பால் கட்டியை உடைக்கமுடியாது. சாசென்டாலன் பள்ளத்தாக்கில் வரும் வழியில் ஒரு பெண்மானுக்கு இருபதடி தள்ளி மைக்கை நீட்டிக்கொண்டு அரைமணி நேரம் படுத்திருந்தேன். பனியைத் தோண்டும் சத்தம் எனக்குத் தெரியும். பழைய சீலையைக் கிழிப்பதுபோல் இருக்கும். அன்று கேட்டது வேறு. டக், டக், டக் என்று கல்லில் மரத்துண்டு மோதுவதுபோன்ற வறண்ட ஓசை, இடையிடையே வழுக்கிக் கீறும் கிறீச்சு. பதினோரு முறை தட்டிவிட்டு அது இரண்டடி தள்ளிப் போய் மறுபடி தட்டியது. அது நின்றிருந்த இடத்தைப் பிறகு போய்ப் பார்த்தேன். கட்டியின் மேல் நகக்கீறல்போல் வெள்ளைக் கோடுகள்; அடியில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்ததுபோல் புல் பச்சையாகத் தெரிந்தது.

இந்தப் பயணத்தில் நான் செய்த பதிவுகளிலேயே தெளிவானது அதுதான். ஏனென்றால் கலைமான் என்னை அருகில் இருக்க அனுமதித்தது. ஒலிப்பதிவுக்கு எல்லாமே தூரம்தான். படம் பிடிப்பவருக்கு லென்ஸ் இருக்கிறது. 600 மீட்டர் அப்பாலிருக்கும் கரடியின் மீசை மயிரை எண்ணும் அளவுக்கு அது இழுத்துக் கொண்டுவரும். ஒலிக்கு அப்படிப்பட்ட லென்ஸ் இல்லை. பரவளைய வடிவக் கிண்ணத்தின் நடுவில் மைக் பொருத்தினால் பறவையின் கூவலைக் கொஞ்சம் இழுக்கலாம். பனியில் வைக்கும் பாதத்தின் ஓசையை அரைக் கிலோமீட்டரிலிருந்து இழுக்க எதுவாலும் ஆகாது. நடுவில் இருக்கும் காற்றுதான் மைக்கில் விழும்.

அரைக் கிலோமீட்டர் என்பதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. 2025 ஜனவரி 1 முதல் ஸ்வால்பார்டில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, மார்ச் 1-லிருந்து ஜூன் 30 வரை பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 500 மீட்டர் விலகியிருக்கவேண்டும். மற்ற மாதங்களில் 300 மீட்டர். அதற்குள் கரடி இருப்பது தெரியவந்தால் பின்வாங்கவேண்டிய கடமை நம்முடையது. கரடியைத் தேடித் துரத்துவதும், கவர்ந்து வரவழைப்பதும், தொந்தரவு செய்வதும் முன்பிருந்தே குற்றம். அங்கே கரடி வேட்டை 1973-லேயே நின்றுவிட்டது. புதிய தூரவிதி வந்தபோது படக்குழுக்களில் பலருக்கு மனக்குறை இருந்தது, எங்கள் இயக்குநருக்கும் இருந்தது. நெருங்கிப் போய் எடுத்த முகங்களைப் பார்த்துப் பழகிய பார்வையாளர்களுக்கு இனி எதைக் காட்டுவது என்பது அவருடைய கவலை. அதை நான் அற்பமான கவலையாக நினைக்கவில்லை.

ஆனாலும் விதியின் பக்கம் நியாயம் அதிகம். கரடிகள் ஸ்னோமொபைலைக் கண்டு எப்படி நடந்துகொள்கின்றன என்று ஸ்வால்பார்டிலேயே ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டிருக்கிறார்கள். குட்டிகளோடு இருக்கும் தாய்க்கரடிகள், சராசரியாக ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலேயே வண்டிச் சத்தத்துக்குக் கலைந்தன. ஆண் கரடிகள், வண்டி அதில் கால் பங்கு தூரத்துக்கு நெருங்கும்வரைகூட அசையவில்லை. தாய் ஏன் அவ்வளவு முன்கூட்டியே ஓடுகிறது என்று யோசித்தால் அதன் உடல்நிலை புரியும். குளிர்காலத் தொடக்கத்தில் பனிக்குழிக்குள் புகுந்து, அங்கேயே அரைக் கிலோ சொச்சம் எடையில் குட்டிகளை ஈன்று, மார்ச் அல்லது ஏப்ரலில் வெளியே வரும்வரை, மாதக்கணக்கில் அது எதையுமே உண்பதில்லை. உடம்பிலிருந்த கொழுப்பைப் பாலாக்கி குட்டிகளைப் பத்துக் கிலோவுக்கு வளர்த்திருக்கும். அந்த நிலையில் அதை ஒரு கிலோமீட்டர் வீணாக ஓடவைப்பது, அதன் கையிருப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்வதாகும்.

அதனால் எங்கள் வழிகாட்டி தமக்கென்று ஒரு விதி வைத்திருந்தார். வண்டிகள் கடற்பனி மேல் இறங்கக் கூடாது. (டெம்பிள்ஃபியோர்டன் போன்ற சில இடங்களில் மார்ச் 1-க்குப் பிறகு அது சட்டத்தாலேயே தடுக்கப்பட்டிருக்கிறது.) கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, பனியாறு தள்ளிவிட்டிருந்த கல்மேட்டுக்குப் பின்னால், என்ஜின்களை அணைத்து நிறுத்திவிடவேண்டும். அதற்குப் பிறகு ஸ்கீ கட்டிக்கொண்டு, கேமராவையும் முக்காலியையும் பனியில் சறுக்கும் சிறு இழுவைப் படகில் இடுப்பில் பூட்டி இழுத்துக்கொண்டு போகவேண்டும். முக்காலித் தலையிலிருக்கும் எண்ணெய் குளிரில் பாகுபோல் இறுகிவிடும் என்பதால் ஒளிப்பதிவாளர் அதைத் தம் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு உறங்குவார். பேட்டரிகளை நாங்கள் எல்லாரும் பங்கிட்டு உள்சட்டைப் பைகளில் சுமந்தோம். எனக்கு ஆறு, நடக்கும்போது அவை விலா எலும்பில் இடித்துக்கொண்டே இருக்கும். கேமராவை மட்டும் யாரும் கூடாரத்துக்குள் கொண்டுவருவதில்லை. வெதுவெதுப்பான காற்று பட்டால் உள்ளே நீர் பூக்கும், வெளியே போனதும் அது உறையும், அதோடு அந்தக் கருவியின் கதை முடிந்தது.

ஏப்ரல் 20-ஐ ஒட்டி அந்த அட்சரேகையில் சூரியன் மறைவது நின்றுவிடுகிறது. நடுப்பகலில் தெற்கே கொஞ்சம் உயர்ந்து, நள்ளிரவில் வடக்கே மலைமுகடுகளை உரசிக்கொண்டு சுற்றிவரும். இரவு இல்லாததால் எங்கள் படப்பிடிப்பே இரவு பத்திலிருந்து அதிகாலை நாலு வரை என்று ஆனது. அழகான ஒளிக்காக மட்டும் அல்ல. பகலில் வெயில் பட்டுப் பனிப்பரப்பின் மேல் காற்று அடுக்கடுக்காக நடுங்கும். 600 மீட்டர் தள்ளி நிற்பதை லென்ஸ் வழியே பார்த்தால் கரடி நீருக்குள் நிற்பதுபோல் நெளியும். நள்ளிரவில் அந்த நடுக்கம் அடங்கும். மற்ற நேரத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் இரண்டு மணி நேரம் காவல். 2020 ஆகஸ்டில் லாங்யியர்பியனின் முகாமிடத்திலேயே ஒருவரைக் கரடி கொன்றது. ஊரைவிட்டு நூறு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் எங்களுக்கு யாரும் அதை இருமுறை எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. கூடாரங்களைச் சுற்றி இடறுகம்பி கட்டி, இடறினால் வெடிக்கும் ஒளிவெடிகளைப் பொருத்தியிருந்தோம். இருந்தும் கண்விழித்து ஒருவர் நடந்துகொண்டே இருக்கவேண்டும். இந்தக் காவல் நேரங்கள்தான் எனக்குப் பிடித்தவை. காற்று நின்றுவிட்டால் என் காதுக்குள் ஓடும் ரத்தத்தைத் தவிர எதுவுமே கேட்காத பத்து நிமிடங்கள்கூட வாய்த்தன.

மூன்று நாட்கள் மீதமிருந்த இரவு, ஒன்று இருபதுக்கு, அவள் வந்தாள். அவள் என்று எழுதிவிட்டேன், அப்படியே இருக்கட்டும். உறைந்த விரிகுடாவில் சிக்கிக் கிடந்த நீலப் பனிப்பாறை ஒன்றின் பின்னிருந்து முதலில் தலை, பிறகு இடுப்பு எலும்பு துருத்திய உடம்பு, அதன் தடத்திலேயே காலை வைத்துத் தாவி வரும் இரண்டு குட்டிகள். வழிகாட்டி தூரமானியில் பார்த்துவிட்டு விரல்களால் காட்டினார்: 780 மீட்டர். நாங்கள் கரையோரப் பனிமேட்டின் பின்னால் படுத்திருந்தோம். காற்று அவளிடமிருந்து எங்கள் பக்கம் வீசியது. ஒளிப்பதிவாளர் பதிவை ஓடவிட்டார். நானும் ஓடவிட்டேன், ஒலி வராது என்று தெரிந்தும்.

அடுத்த இருபத்து மூன்று நிமிடங்களைப்போல் என் வாழ்வில் எதையும் இவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை. 620 மீட்டரில் அவள் நின்றாள். மூக்கைத் தாழ்த்தி, ஒரு அடி எடுத்துவைத்து, மறுபடி தாழ்த்தினாள். வளையச்சீல் தன் குட்டியைக் கடற்பனி மேல் குவிந்த பனிக்குள் குடைந்த அறையில் ஒளித்து வைக்கும்; மேலே வெறும் வெண்பரப்பாகத்தான் தெரியும். அவளுக்கு அது மூக்கில் தெரிகிறது. குட்டிகள் பின்னால் உட்கார்ந்துவிட்டன, யாரோ அதட்டி உட்காரவைத்ததுபோல். தாய்க்கரடி குட்டிகளைக் கூப்பிடவும் அடக்கவும் தொண்டையில் மெல்லிய செருமல்களை எழுப்பும் என்பது தெரிந்த விஷயம். பால் குடிக்கும் குட்டிகள் சின்ன மோட்டார் ஓடுவதுபோல் இடைவிடாமல் முனகும்; விலங்குக் காட்சிசாலைகளில் அருகே மைக் வைத்து அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தச் செருமல் இப்போது 620 மீட்டரில் நிகழ்ந்ததா? என் ஹெட்போனில் காற்று மட்டும் இருந்தது.

அவள் பின்னங்கால்களில் எழுந்தாள். முன்கால்கள் இரண்டையும் சேர்த்து, உடம்பின் எடை முழுவதையும் அவற்றின் மேல் போட்டு விழுந்தாள். பனி வெடித்துச் சிதறியது. ஒளிப்பதிவாளரின் தோள் ஒரு துளியும் அசையவில்லை. மறுபடி எழுந்து விழுந்தாள். தலையை உள்ளே நுழைத்து, வெறும் வாயோடு வெளியே எடுத்தாள். சீல் தன் மூச்சுத்துளை வழியே தண்ணீருக்குள் போயிருக்கவேண்டும். கொஞ்ச நேரம் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, நாங்கள் யாரும் விரும்பாதபடி, காற்று மாறியது.

என் மைக்கின் மயிருறையில் முதலில் அதைக் கேட்டேன். ஒரு திசையிலிருந்து வந்த இரைச்சல் தணிந்து, இன்னொரு பக்கம் தொட்டது. அவள் தலை எங்கள் பக்கம் திரும்பியது. பயந்து ஓடவில்லை. ஆவலோடு, அல்லது பசியோடு, மெல்ல எங்களை நோக்கி நடக்கத் தொடங்கினாள். வழிகாட்டியின் கண் தூரமானியிலேயே இருந்தது. 590. 560. "எழுந்திருங்கள்," என்றார். குரலை உயர்த்தவில்லை. இயக்குநர், "இன்னும் அறுபது மீட்டர் இருக்கிறது," என்றார். "அதனால்தான் இப்போது சொல்கிறேன். ஐநூறுக்கு வந்தபின் எழுந்தால் அவள் நம்மை விரட்டியதாகவோ நாம் அவளை விரட்டியதாகவோ ஆகிவிடும். இப்போது எழுந்தால் நாம் கிளம்பிப் போகிறோம், அவ்வளவுதான்," என்று சொல்லிக்கொண்டே அவர் ஒளிவெடித் துப்பாக்கியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஒளிப்பதிவாளர்தான் முதலில் எழுந்தார். பதினைந்து நாள் காத்திருந்து கண்ணில் கண்ட காட்சியை, அது முகத்துக்கு நேராக நடந்து வந்துகொண்டிருந்த நொடியில், பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு எழுந்தார். இயக்குநரின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வேலையில் கடைசி நாட்கள் பொல்லாதவை என்று முன்பே கேட்டிருக்கிறேன். முதல் வாரத்தில் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கத் தயங்காதவர்கள், பெட்டி கட்டும் வாரத்தில் ஐம்பது மீட்டருக்கு வாதாடுவார்கள். செலவான பணமும், கழிந்த நாட்களும், வீட்டில் காத்திருப்பவர்களும் சேர்ந்து மனிதரைப் பின்னாலிருந்து தள்ளுகின்றன. அன்று தள்ளப்படாமல் நின்றவர் வழிகாட்டி ஒருவர்தான். மற்ற நாங்கள் அவரோடு போனோம்.

ஸ்கீயில் பின்வாங்கிக் கல்மேட்டை அடைந்து திரும்பிப் பார்த்தபோது, அவள் எங்கள் பழைய இடத்துக்கு வரவே இல்லை. பாதி வழியில் திரும்பி, பனிப்பாறையைச் சுற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தாள். 1,400 மீட்டர் என்றது தூரமானி. பைனாகுலரில் பார்த்தேன். மறுபடி எழுந்து விழுந்தாள். இந்த முறை தலையை வெளியே எடுக்கவே இல்லை. குட்டிகள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஓடிவந்து அவளோடு ஒட்டிக்கொண்டன. மூன்று உடம்பும் ஒரே மேடாகத் தெரிய, அப்படியே நெடுநேரம் இருந்தன. கேமரா இழுவைப் படகுக்குள் உறையிட்டுக் கிடந்தது. யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

அன்று கூடாரத்தில் நடந்த பேச்சு ஒலியைப் பற்றியதாக மாறியது. இயக்குநர் கோபமெல்லாம் ஆறிய பின், கைவசம் இருக்கும் இருபத்து மூன்று நிமிடத்தைத் தொகுத்தாலே நல்ல காட்சி கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "சத்தத்தை ஸ்டூடியோவில் பார்த்துக்கொள்ளலாம்," என்றார். இது எங்கள் தொழிலில் ரகசியம் அல்ல. தொலைவிலிருந்து எடுக்கும் விலங்குக் காட்சிகளுக்கு ஓசை பெரும்பாலும் பின்னால் செய்து சேர்ப்பதுதான். மக்காச்சோள மாவை அடைத்த சிறு துணிப்பையை மைக் முன்னால் கையால் அமுக்கினால் பனியில் நடக்கும் ஓசை அச்சாக வரும். நானே செய்திருக்கிறேன், அதில் தேர்ந்தவர்களின் கைத்திறன்மேல் எனக்கு மரியாதையும் உண்டு.

ஆனால் அந்த இரவு எனக்கு அது ஒப்பவில்லை. நான் சொன்னது இதுதான். லென்ஸ் கரடியை அருகில் கொண்டுவருகிறது. பார்ப்பவர் தாம் இருபதடியில் நிற்பதாக நம்புகிறார். அதற்குமேல் பாதத்தின் நெரிசலையும் மூச்சையும் நாம் சேர்த்துவிட்டால் அந்த நம்பிக்கை முழுமையாகிறது. அடுத்த ஆண்டு அதே பார்வையாளர் சுற்றுலாவுக்கு வந்து, படத்தில் கண்டதையே எதிர்பார்ப்பார். இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமே என்று வழிகாட்டியிடம் கேட்பார். நாங்கள் விலகி நின்றோம் என்பதைச் சொல்ல எங்களிடம் இருக்கும் ஒரே சான்று அந்த ஒலித்தடத்தில் எதுவும் இல்லாததுதான். கரடி விழுகிறாள், பனி சிதறுகிறது, காற்று மட்டும் கேட்கிறது. அப்படியே விடலாம். இயக்குநர் கேட்டுக்கொண்டார். மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. முடிவு தொகுப்பு அறையில்தான் ஆகும். அங்கே நான் இருக்கமாட்டேன்.

கடைசி முழு நாளில் படப்பிடிப்பு இல்லை. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 4 டிகிரிக்கு ஏறிவிட்டது. வழிகாட்டியை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு, கரையோரம் அலையேற்ற இறக்கத்தில் கடற்பனி பிளக்கும் வெடிப்புக்கு நடந்து போனேன். நீரில் இறக்கும் மைக்கான ஹைட்ரோபோனை எட்டு மீட்டர் ஆழத்துக்கு விட்டேன். மேலே அத்தனை நாளும் கிடைக்காத அருகாமை நீருக்குக் கீழே கிடைத்தது. ஒலி காற்றைவிட நீரில் நான்கு மடங்குக்கும் அதிக வேகத்தில் போகும்; வெகுதூரமும் போகும். முதலில் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் ஓயாத பொரிச்சல். அது பனியாற்றிலிருந்து உடைந்த கட்டிகள் உருகும் சத்தம். பனி இறுகியபோது அதற்குள் அழுத்தத்தில் சிறைப்பட்ட காற்றுக்குமிழிகள், எத்தனையோ காலத்துக்குப் பிறகு வெடித்து வெளியேறுகின்றன. அந்தப் பொரிச்சலின் நடுவே, எங்கிருந்தோ, ஆண் தாடிச் சீல் ஒன்று பாடத் தொடங்கியது.

கேட்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? உச்ச ஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிடித்து, நெருக்கமான கமகம்போல் நடுக்கிக்கொண்டே, ஒரு நிமிடத்துக்கும் மேலாக அதைக் கீழே, கீழே, இன்னும் கீழே இறக்கிக்கொண்டு வருகிறது. மூச்சு முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்துக்கு அப்பாலும் இறக்கி, முனகலாக முடிக்கிறது. வசந்தத்தில் இணை தேடிப் பாடுவது இது. அந்தச் சீல் எவ்வளவு தொலைவில் இருந்தது என்று எனக்குத் தெரியாது, கிலோமீட்டர் கணக்கில் இருந்திருக்கலாம். நான் அதைத் தொந்தரவு செய்யவில்லை. நான் இருப்பதே அதற்குத் தெரியாது. ஹெட்போனின் ஒரு காதை வழிகாட்டிக்குக் கொடுத்தேன். பன்னிரண்டு குளிர்காலங்களாக இந்தத் தீவில் இருப்பவர். முதல்முறையாக அதைக் கேட்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. துப்பாக்கித் தோளைச் சாய்க்காமல், கண்ணைச் சுற்றிலும் ஓட்டிக்கொண்டே, அசையாமல் நின்று கேட்டார். மொத்தம் நாற்பத்தொரு நிமிடப் பதிவு.

மறுநாள் முகாமைக் கலைத்தோம். குப்பை, கழிவு எல்லாவற்றையும் பையில் கட்டிச் சறுக்குவண்டியில் ஏற்றி, ஹாய்க்லின் பனியாறு ஏறி, ரபோட் பனியாறு வழியே சாசென்டாலனில் இறங்கினோம். பனியாற்றின் மேல் வண்டிகள் நன்றாகவே ஓடின. அங்கே பொடிப்பனி இருந்தது. பள்ளத்தாக்கில் மறுபடி கட்டி, மறுபடி சிவப்பு விளக்கு, மறுபடி மண்வெட்டி. ஒரு வண்டியின் என்ஜினிலிருந்து பட்டைக்கு விசை கொண்டுபோகும் ரப்பர் பெல்ட் அறுந்து, அதைக் கையுறையில்லாத விரல்களால் மாற்ற இருபது நிமிடம் ஆனது. வந்தபோது நான் படுத்திருந்து பதிவு செய்த இடத்துக்கு அருகில் கலைமான் ஒன்று செத்துக் கிடந்தது. அதே பெண்மானா என்று சொல்லமுடியாது. பனிநரி ஒன்று வயிற்றுப்பக்கம் தின்றுகொண்டிருந்தது; எங்களைப் பார்த்து நாலடி விலகி, நாங்கள் கடந்ததும் திரும்பி வந்தது. ஒளிப்பதிவாளர் வண்டியை நிறுத்தவில்லை.

அட்வென்டாலன் பள்ளத்தாக்கில் பனி சாம்பல் நிறமாகத் தெரியத் தொடங்கினால் ஊர் நெருங்குகிறது என்று அப்போது அர்த்தம். அது ஏழாம் எண் சுரங்கத்தின் நிலக்கரித் தூசு. நார்வே அங்கே நடத்திவந்த கடைசிச் சுரங்கம். அந்த ஜூனோடு மூடப்பட இருந்தது. ஊர் எல்லையில் கரடிப்படம் போட்ட முக்கோண எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. ஸ்வால்பார்ட் முழுவதற்கும் பொருந்தும் என்று அதன் கீழே எழுதியிருக்கிறார்கள். அதன் அருகே நிறுத்தி, வழிகாட்டி துப்பாக்கியிலிருந்து குண்டுகளைக் கழற்றிப் பையில் போட்டார்.

விடுதியில் அன்றிரவு மெமரி கார்டுகளை மூன்று பிரதிகளாக எடுத்துக்கொண்டே, தொகுப்பாளருக்கான ஒலிக்குறிப்பை நிரப்பினேன். எப்போதும் சுருக்கமாக எழுதுவதுதான் வழக்கம். தொகுப்பாளருக்கு நேரம் இருக்காது. அந்த இரவுக்கான வரியை நிரப்ப மட்டும் நெடுநேரம் ஆயிற்று. கடைசியில் இப்படி எழுதினேன்: "மோன்புக்தா, கடற்பனி. தாய்க்கரடி, இரண்டு குட்டிகள். தூரம் 780-லிருந்து 560 மீட்டர். 23 நிமிடம். காற்று மட்டும். இதற்குமேல் எதுவும் கேட்கவில்லை, தயவுசெய்து சேர்க்கவேண்டாம்."